வாசலைத் தாண்டிய பிறகு

முதுமை மறதி வந்த ஒருவர் சொல்லாமல் கிளம்பிப்போய், யாரோ புண்ணியவான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டபின், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு உறவினரும் சொல்கிற யோசனை ஒன்றுதான்: “ஒரு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிக் கட்டிவிடக் கூடாதா?”

நானும் வாங்கிக் கட்டினேன். மூன்றாம் வாரமே அப்பா மறுபடி காணாமற்போனார். பதறிக்கொண்டு செயலியைத் திறந்தால், கடைசியாகப் பதிவான இடம் எங்கள் வீடு, நேரம் இரண்டு நாளைக்கு முன்பு. வாட்ச் அவர் கையில்தான் இருந்தது, சார்ஜும் இருந்தது. உள்ளே இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துபோயிருந்தது. வாட்சுக்கென்று ஒரு எண் இருக்கிறது, அதற்கும் பணம் கட்ட வேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. மறதி அப்பாவுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று அவரைக் கண்டுபிடித்தது தெருமுனைப் பூக்கடைக்கார அம்மா. மூடிக்கிடந்த ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, “தாத்தா, இன்னிக்கு லீவு” என்று பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்.

அதனால் இந்த அத்தியாயத்தில் கருவிகளைப் பற்றி நிறையச் சொன்னாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியும் ஆளைக் கண்டுபிடிப்பதில்லை. எங்கே போய்த் தேட வேண்டும் என்று சொல்லும், அவ்வளவுதான். அதுவும் உடம்பில் இருந்தால், சார்ஜ் இருந்தால், சிம்மில் காசு இருந்தால். இந்த ‘இருந்தால்’களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் நம் வேலை.

எங்கே போகிறார்கள்

‘அலைகிறார்’ என்று நாம் சொல்கிறோம். அவர் அலையவில்லை, எங்கோ போகிறார். முப்பது வருடம் வேலை பார்த்த டெப்போவுக்கு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர, இடித்துத் தள்ளியாகிவிட்ட பூர்விக வீட்டுக்கு. சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்குமேல் பலருக்குப் படபடப்பு கூடும். சொந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே “நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்” என்பார்கள். மறதிநோய் உள்ள பத்துப் பேரில் ஆறு பேராவது ஒருமுறை இப்படிக் கிளம்பிவிடுவார்கள் என்று அமெரிக்க அல்சைமர் சங்கம் சொல்கிறது. ‘எங்க அம்மா அப்படியெல்லாம் போகமாட்டாங்க’ என்பதை நம்பி இருக்க முடியாது.

காணாமற்போனவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆயிரக்கணக்கான தேடல் பதிவுகளிலிருந்து தொகுத்தவர் அமெரிக்கர் ராபர்ட் கோஸ்டர். அவருடைய நூல் 2008இல் வந்தது. அவர் கணக்குப்படி, நகரப் பகுதியில் காணாமற்போன மறதிநோயாளிகளில் பாதிப்பேர் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்துக்குள்ளேயே கிடைத்திருக்கிறார்கள். அவர் சொல்லும் இன்னொன்று, தேடுகிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது: இவர்கள் ஏதாவது தடுக்கும்வரை நேராக நடந்துகொண்டே இருப்பார்கள். சுவரோ முள்வேலியோ புதரோ தடுத்தால் அங்கேயே சிக்கி நின்றுவிடுவார்கள். கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்க மாட்டார்கள், உதவியும் கேட்க மாட்டார்கள்.

இந்த ஒரு கிலோமீட்டர் கணக்கு நம் ஊரில் ஓர் இடத்தில் உதைக்கும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம். கையில் பைசா இல்லாத பாட்டி ஏறி உட்கார்ந்தால் கடைசி நிறுத்தம்வரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அங்கே இறங்கி வேறொன்றில் ஏறினாலும் அப்படியே. ஒரு மணி நேரத்தில் மாவட்டத்தின் மறுகோடிக்குப் போய்விடலாம். ஆகவே காணாமற்போனது பெண் என்றால், தெருவைத் தேட ஒருவர் போகும்போதே பேருந்து நிலையத்துக்கு இன்னொருவர் போக வேண்டும். நேரக் காப்பாளரிடம் போட்டோவைக் காட்டுங்கள். அந்த வழித்தடத்து நடத்துநர்களுக்குப் போன் போட அவரால்தான் முடியும்.

கதவுதான் முதல் கருவி

ஆள் வாசலைத் தாண்டியபின் தேட ஆகும் செலவில் நூறில் ஒரு பங்கு போதும், தாண்டும்போதே தெரிந்துகொள்ள. கதவிலும் நிலையிலும் ஒட்டுகிற காந்த அலாரம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கதவு திறந்து இரண்டு துண்டும் விலகினால் கத்தும். அந்தக் கத்தலே பெரியவரை மிரள வைக்கிறது என்றால், உங்கள் போனில் மட்டும் ஒலிக்கும் வைஃபை வகையை வாங்குங்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் கதவில் ஒரு மாட்டு மணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் இன்றுவரை பழுதாகாத ஒரே கருவி அதுதான்.

ஜப்பானில் ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரில் 2007 டிசம்பரில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மறதிநோய் உள்ள 91 வயதுப் பெரியவர் ஒருவர், எண்பது கடந்த மனைவி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் வெளியே போய், ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில்கள் தாமதமானதற்கு நஷ்டஈடாகச் சுமார் 72 லட்சம் யென் கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின்மீது வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் குடும்பம் பணம் கட்ட வேண்டும் என்றன. 2016 மார்ச்சில்தான் உச்சநீதிமன்றம் குடும்பத்துக்குப் பொறுப்பில்லை என்று விடுவித்தது. என்னை உறுத்துவது தீர்ப்பைவிட, வழக்கில் வந்த ஒரு சின்ன விவரம். அவர் வெளியேறிய வாசலில் சென்சார் பொருத்தியிருந்தார்கள். அதை அணைத்து வைத்திருந்தார்கள்.

அலாரம் நம்மை நச்சரிக்கும், நாம் அணைப்போம். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். அதனால் நாளைக்கு நாற்பது தடவை திறக்கிற கதவில் அலாரம் வைக்காதீர்கள். கொல்லைக் கதவையும் மாடிக் கதவையும் முதலில் கவனியுங்கள். தலைவாசலுக்கு இரவு பத்துமுதல் காலை ஆறுவரை மட்டும் ஒலிக்கும்படி வைத்தால் போதும்.

ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது பாதுகாப்பு ஆகாது. கேஸ் கசிந்தால் அவருக்கு வழியில்லை.

கழற்றாத பொருள் எது?

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் அவரைச் சும்மா கவனியுங்கள். குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூடக் கழற்றாதது எது? எதை எடுத்துக்கொள்ளாமல் வாசற்படி இறங்கமாட்டார்? வாட்ச் கட்டிப் பழகாத கையில் புதிதாக வாட்ச் கட்டினால் அது உறுத்தும். கழற்றித் தலையணைக்கடியில் வைப்பார், பாத்திரத்துக்குள் போடுவார், எங்கள் அப்பா மாதிரி பேரனுக்குப் பரிசாகக் கொடுப்பார்.

நம் தாத்தாக்களிடம் இதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு பொருள் உண்டு: அரைஞாண் கயிறு. பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடப்பது, உடம்பின் ஒரு பகுதி மாதிரி. புதுக் கயிறு மாற்றும் நாளில் சின்ன டேக் ஒன்றைத் துணி உறையில் தைத்துக் கோத்துவிட்டால் அதைக் கேள்வி கேட்க மாட்டார். பாட்டிக்கு இடுப்பில் செருகும் சுருக்குப் பை, வெற்றிலைப் பை. செருப்பில்லாமல் இறங்காத ஆளுக்குச் செருப்பின் அடித்தட்டு. ஆனால் கோயிலுக்குப் போகிறவர் என்றால் செருப்பு வேண்டாம். செருப்பு கோபுர வாசலில் இருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். கழுத்துக் கயிறு எதுவானாலும் இழுத்தால் அவிழ்ந்துகொள்ளும்படி இருக்க வேண்டும், எங்காவது மாட்டிக்கொண்டால் இறுக்கிவிடும்.

கருவியின் பெயரைவிட இந்த ஒரு வாரக் கவனிப்பு முக்கியம்.

சிம் போட்ட வாட்சும் லாக்கெட்டும்

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னலைப் பிடித்துத் தான் இருக்கும் இடத்தை வாட்ச் கணக்கிடுகிறது. அந்தச் செயற்கைக்கோளுக்கு உங்கள் அப்பா யாரென்று தெரியாது; அது ஒலிபரப்புகிற வானொலி நிலையம் மாதிரி. கணக்கிட்ட இடத்தை உங்களுக்கு அனுப்புவது சிம் கார்டு. ஆக, இரண்டு வேலை, இரண்டும் தனித்தனியாகக் கெடும். தலைக்குமேல் வானம் தெரியாத இடத்தில், அதாவது கல்யாண மண்டபத்துக்குள்ளோ பல்லடுக்கு வாகன நிறுத்தத்திலோ, முதல் வேலை தடுமாறும். டவர் இல்லாத மலைப்பாதையில் இரண்டாவது நின்றுபோகும்.

வாங்கும்போது கடைக்காரர் காட்டுகிற இதயத்துடிப்பு, அடி எண்ணிக்கையையெல்லாம் விட்டுவிடுங்கள். நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை நாள் சார்ஜ் நிற்கும்? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்பும்? உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக வரும் கம்பெனியின் 4ஜி சிம் அதில் வேலை செய்யுமா? செயலிக்கு வருடச் சந்தா உண்டா? முதல் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். அடிக்கடி அனுப்பினால் சார்ஜ் சீக்கிரம் தீரும். பெரும்பாலான வாட்சுகளுக்கு ஒன்றிரண்டு நாளுக்குமேல் தாங்காது. ஆகவே சார்ஜ் போடும் நேரத்தை ஒரு அன்றாட வேலையோடு முடிச்சுப் போடுங்கள். அப்பா குளிக்கும் நேரம் நல்லது. ஆனால் அந்த அரைமணி நேரம் கருவி அவர் உடம்பில் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ரீசார்ஜ் கதையை ஏற்கெனவே சொன்னேன். நீண்ட நாள் பேக்காகப் போட்டுவிட்டு, முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள். நினைவூட்டுச் செய்தி வாட்சின் எண்ணுக்குத்தான் வரும். அதை யார் படிப்பது?

எல்லைக்கோடு வசதியில், வரைபடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால், அதைத் தாண்டியதும் போன் எச்சரிக்கும். ஐம்பது மீட்டர் வட்டம் போட்டவர்கள் ஒரு வாரத்தில் அதை அணைத்துவிடுவார்கள். ஆள் கட்டிலில் தூங்கும்போதே கணக்கிட்ட இடம் தெருவுக்கும் பக்கத்து மனைக்கும் தாவிக்கொண்டிருக்கும், நடுராத்திரி போன் அலறும். இருநூறு, முந்நூறு மீட்டர் வையுங்கள். பக்கத்திலேயே ரயில் தண்டவாளமோ ஏரியோ இருந்தால் வட்டத்தை நம்பாதீர்கள்; அங்கே கதவு அலாரம்தான் உதவும்.

வாங்கிய வாரமே ஓர் ஒத்திகை பாருங்கள். வாட்சை மச்சானிடம் கொடுத்து, எங்கே போகிறார் என்று சொல்லாமல் கிளம்பச் சொல்லிவிட்டு, செயலியை மட்டும் பார்த்துக் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஒத்திகையில் முக்கால் மணி நேரம் ஆனது. மச்சான் டீக்கடைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார், நாங்கள் பின்தெருவில் நின்றோம். கடைசி இருபது மீட்டரைக் கண்ணால்தான் தேட வேண்டும் என்பது அன்று புரிந்தது.

சின்ன டேக்

சாவிக்கொத்தில் மாட்டுகிற பட்டன் அளவு டேக், ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த ஏர்டேக் போன்றவை, வேறு இனம். இவற்றில் பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. டேக்குக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. புளூடூத்தில் ‘நான் இங்கே, நான் இங்கே’ என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் போகிற யாருடைய போனாவது அதைக் கேட்டு, தன் இடத்தை உங்களுக்கு அனுப்பும். அனுப்பியது யாரென்று உங்களுக்குத் தெரியாது, அனுப்பியதே அவருக்கும் தெரியாது. ரீசார்ஜ் வேண்டாம், காசு அளவு பேட்டரி ஏறத்தாழ ஒரு வருடம் வரும்.

ரங்கநாதன் தெருவில் இது பிரமாதமாக வேலை செய்யும். வயல் நடுவே போகும் வண்டிப்பாதையில் ராத்திரி எட்டு மணிக்கு ஊமைதான். இன்னொரு சங்கதி: ஏர்டேக்கைக் கேட்பவை ஆப்பிள் சாதனங்கள் மட்டும். நம் ஊரில் பத்துக்கு ஒன்பது கையில் ஆண்ட்ராய்டு என்னும்போது, கூகுள் 2024இல் தொடங்கிய வலையமைப்போடு இணையும் டேக்தான் பொருத்தம். அதுவும் இயல்பு அமைப்பில், ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் பல போன்கள் கண்டால்தான் இடத்தைச் சொல்லும்படி வடிவமைத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் வேவு பார்க்கக் கூடாது என்பதற்காக.

அதே காரணத்தால் வரும் தொல்லை ஒன்று. அடுத்தவர் பையில் ரகசியமாக டேக் போட்டுப் பின்தொடர்வதைத் தடுக்க, உரிமையாளரின் போனை விட்டுப் பல மணி நேரம் பிரிந்திருக்கும் டேக் அசையும்போது தானே கீச்சிடும். கூடவே இருக்கும் வேறொருவர் போனில் ‘உங்களோடு ஒரு டேக் பயணிக்கிறது’ என்ற எச்சரிக்கையும் வரும். நீங்கள் வேலைக்குப் போனபின் இடுப்பிலிருந்து ஏதோ கத்துவதைக் கேட்டு அப்பா கயிற்றையே அறுத்துப் போடலாம். பார்த்துக்கொள்ள வரும் அக்காவோ போனில் வந்ததைப் பார்த்துப் பயந்துபோகலாம். அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பகிரும் வசதி இருந்தால் அவர் போனையும் சேர்த்துவிடுங்கள். டேக்கை மட்டுமே நம்பி இராதீர்கள். வாட்சுக்கு அது துணை.

பேட்டரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் காசு வடிவ லித்தியம் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாயில் எதையும் போட்டுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கும் குழந்தைக்கும் திருகு வைத்த உறை இல்லாமல் டேக் கூடாது. விழுங்கியிருப்பாரோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருக்காதீர்கள்.

இணையத்தில் தேடினால் அமெரிக்காவின் ‘புராஜெக்ட் லைஃப்சேவர்’ பற்றி வரும். 1999இல் வர்ஜீனியா மாநிலம் செசபீக்கில் தொடங்கியது. கைப்பட்டை வானொலி அலையை அனுப்பும், பயிற்சி பெற்ற காவலர்கள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் திசை கண்டு நெருங்குவார்கள். ஜிபிஎஸ் தோற்கும் கட்டடத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் இது ஜெயிக்கும். ஆனால் அங்கே விற்பது பட்டையை அல்ல, கூப்பிட்டால் வரும் ஆட்களை. அப்படியொரு படை இல்லாத ஊரில் அந்தப் பட்டையைத் தருவித்துக் கட்டுவது வீண் செலவு.

எண் எழுதுவது

பேட்டரியே வேண்டாத வழியும் உண்டு. ஜப்பானின் சைத்தாமா மாகாணத்து இருமா நகராட்சி, 2016இல் ஒரு சென்டிமீட்டர் சதுரமான க்யூஆர் ஒட்டியைப் பெரியவர்களின் நகத்தில் ஒட்டத் தொடங்கியது. குளித்தாலும் போகாது, சுமார் இரண்டு வாரம் நிற்கும். சட்டையைக் கழற்றலாம், நகத்தைக் கழற்ற முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம். மும்பையிலும் க்யூஆர் பதித்த பதக்கங்கள் பிள்ளைகளின் கழுத்தில் ஏறியிருக்கின்றன.

எனக்கு க்யூஆர் மீது முழு நம்பிக்கை இல்லை. முன்பின் தெரியாத க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் போய்விடும் என்று நம் ஜனங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதனால் கீழே பத்து இலக்க எண்ணையும் பெரிதாக அச்சிடுங்கள். எண் இருந்தால் பட்டன் போன் வைத்திருக்கும் ஆட்டோக்காரரும் கூப்பிடுவார். சலவைக்காரர் துணியில் குறி போடுவது மாதிரி, அழியாத மையில் எல்லாச் சட்டைக் காலருக்குள்ளும் ஜாக்கெட்டின் உட்புறத்திலும் இரண்டு எண்களை எழுதுங்கள். வீட்டு முகவரியும் நோயின் பெயரும் வெளியே தெரிய வேண்டாம். திருவண்ணாமலை தீபத்துக்குக் குழந்தையோடு போனவர்களுக்குத் தெரியும், போலீஸார் பிள்ளைகள் மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். அதேதான்.

ஆதாரையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பெயர் சொல்லத் தெரியாமல் வெளிமாநில விடுதியில் வருடக்கணக்கில் இருந்தவர்களை, புதிதாக ஆதார் எடுக்கப் போனபோது ‘ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று விண்ணப்பம் திரும்பியதை வைத்துக் குடும்பத்தோடு சேர்த்த சம்பவங்கள் உண்டு. அதற்கு அவருடைய ஆதாரில் நடப்பில் உள்ள செல்போன் எண் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கும், கண் பாவையின் பதிவும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை மையத்தில் பார்த்துவிடுங்கள்.

முன்கூட்டியே எழுதிவைக்கும் தாள்

இங்கிலாந்தில் இதற்கு ‘ஹெர்பர்ட் நெறிமுறை’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் இறங்கிய ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற வீரர், முதுமையில் மறதிநோயோடு தன் பால்யகாலத்து வீட்டைத் தேடிப் போன வழியில் இறந்தார். அவர் பெயரில் நார்ஃபோக் காவல்துறை ஒரு படிவம் செய்தது. காணாமற்போகும் முன்பே குடும்பம் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். போலீஸ் வந்து கேட்கும்போது நமக்கு நா எழாது, தாள் பேசும்.

அந்தத் தாளை நாமே ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அண்மைப் போட்டோ ஒன்று முகம் தெரியும்படி, இன்னொன்று முழு உருவமாக. கல்யாண ஆல்பத்துப் படம் உதவாது. மச்சம், தழும்பு, நடை. என்ன மருந்து, எந்த வேளை தப்பினால் ஆபத்து. பிறந்த ஊர், குடியிருந்த பழைய தெருக்கள், வேலை பார்த்த இடங்கள், பிடித்த கோயில், டீக்கடை. முன்பு காணாமற்போனபோது கிடைத்த இடம். எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் என்பதையும் எழுதுங்கள். எங்கள் அப்பா தன் பெயருக்குத் திரும்பமாட்டார், “வாத்தியாரே” என்றால் நின்றுவிடுவார். செருப்பின் அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுத்துவையுங்கள், மண்பாதையில் தேடுகிறவர்களுக்கு உதவும்.

தினமும் காலையில் குளித்து உடுத்தியதும் ஒரு போட்டோ எடுங்கள். “நீலச் சட்டையா, பச்சைச் சட்டையா” என்று பதற்றத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வதற்கு அது முற்றுப்புள்ளி.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டுக்குள் தேடுங்கள்: கட்டிலுக்கடி, மாடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறை, நிறுத்தியிருக்கும் காருக்குள். பத்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். பிறகு 112க்குப் போன். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது சினிமாவில் பார்த்தது. அப்படிச் சட்டம் ஏதுமில்லை. ‘மறதிநோய் உள்ளவர், தனியாக வழி தெரியாது’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கையில் போனோ வாட்சோ இருந்தால் எண்ணைக் கொடுங்கள். டவர் இருப்பிடத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க போலீஸால்தான் முடியும். காணவில்லை என்ற புகாரைப் பதிவு செய்து ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். தமிழகக் காவல்துறையிடம் 2021 முதல் முகத்தை ஒப்பிடும் மென்பொருள் இருக்கிறது. வேறெங்காவது அவரைப் படம் எடுத்துப் பார்க்கும்போது பொருந்த வேண்டுமானால், இவருடைய படம் பதிவில் ஏறியிருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் இருக்கட்டும், தானாகத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. தேடப் போகிறவர்கள் ஒரே திசையில் கும்பலாகப் போகாதீர்கள். அவர் வழக்கமாக எந்தப் பக்கம் திரும்புவாரோ அந்தப் பக்கம் முதலில். பெயரைச் சொல்லிக் கத்துவதைவிடக் குனிந்து பார்ப்பது பலன் தரும்: புதர், ஓடைக்கரை, பாதி கட்டிய வீடு, நிற்கும் லாரிக்குப் பின்புறம். பார்த்த இடத்தையே அரைமணி கழித்து மறுபடி பாருங்கள், அவர் நகர்ந்துகொண்டிருக்கலாம். கேமரா வைத்திருக்கும் கடைகளில் அப்போதே போய்க் கேளுங்கள். எந்த முனையில் எந்தப் பக்கம் திரும்பினார் என்ற ஒரு காட்சி தேடும் பரப்பைப் பாதியாக்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் போடும்போது தேதி, நேரம், கடைசியாகப் பார்த்த இடம் மூன்றும் படத்தின் மேலேயே எழுதியிருக்கட்டும். தேதி இல்லாத ‘காணவில்லை’ செய்தி சாகாவரம் பெற்றது. ஆள் கிடைத்து, அவர் காலமும் முடிந்தபின்கூட யாரோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மூன்று நாளாகியும் தகவல் இல்லையென்றால் தேடும் இடம் மாறுகிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 100ஆம் பிரிவு, தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிறுவனத்தில் சேர்ப்பதையும், அவர் குடும்பத்தைத் தேடுவதையும் நிலைய அதிகாரியின் கடமையாக்கியிருக்கிறது. மறதிநோயாளியையும் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்துச் சேர்ப்பார்கள். ஆகவே மாவட்ட அரசு மருத்துவமனை, சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, முதியோர் காப்பகங்கள், பெண் என்றால் 1993 முதல் இயங்கும் ‘பான்யன்’ போன்ற இல்லங்கள் எல்லாவற்றிலும் போட்டோவோடு கேளுங்கள். ரயிலேறியிருக்கலாம் என்று தோன்றினால் 139. முதியோர் உதவி எண் 14567.

பிள்ளைகள் என்றால்

ஆட்டிசம் உள்ள குழந்தை ஓடிவிடுவதற்குத் தனி நூலே எழுதலாம். 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நான்கு வயது தாண்டிய ஆட்டிசக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒருமுறையாவது ஓட முயன்றிருந்தார்கள். பெரியவரைத் தேடும் முறை இங்கே செல்லாது. குழந்தை காணவில்லை என்றதும் முதல் ஓட்டம் தண்ணீரை நோக்கி: கிணறு, தெப்பக்குளம், கால்வாய், பக்கத்து வீட்டுத் தொட்டி. இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் காந்தம் மாதிரி, உயிரிழப்பும் அதில்தான் அதிகம். பிறகுதான் தெரு. மணிக்கட்டில் எதுவும் பட்டால் பிய்த்தெறியும் பிள்ளைக்கு டிரவுசர் இடுப்புப்பட்டியின் உட்புறம் தைத்த பை, அல்லது ஷூவின் நாக்கு. புத்தகப் பையில் போட்டால் பையைத்தான் கண்டுபிடிப்பீர்கள். குழந்தை காணவில்லை என்றால் 112ஓடு 1098க்கும் சொல்லுங்கள்.

கேட்டுக் கட்டுங்கள்

நோய் தொடங்கிய காலத்தில் அவருக்குப் புரியும். அப்போதே, “அப்பா, உங்களைத் தேட வேண்டி வந்தா இது உதவும், கட்டிக்கிறீங்களா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிட்டு அடுத்த வாரம் கேளுங்கள். அவருக்குப் பிடித்த பேத்தி கேட்டால் சம்மதம் கிடைக்கும். புரியாத நிலைக்கு வந்தபின் உங்களுக்கே முடிவெடுக்க வேண்டிவரும். அப்போதும் செயலியைப் பார்க்கும் உரிமை இரண்டு மூன்று பேருக்குமேல் வேண்டாம். அப்பா இன்று எங்கெல்லாம் போனார் என்று குடும்பக் குழுவில் படம் போட்டுச் சிரிக்கும் வீட்டை எனக்குத் தெரியும்.

கிடைத்த பிறகு

திட்டாதீர்கள். எங்கே போனார் என்று குறுக்கு விசாரணையும் வேண்டாம், அவருக்கே தெரியாது. தண்ணீர் கொடுங்கள், உள்ளங்காலைப் பாருங்கள், தப்பிய மருந்தை எப்படிக் கொடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள். காவல் நிலையத்துக்கும் செய்தி போட்ட எல்லாக் குழுக்களுக்கும் ‘கிடைத்துவிட்டார்’ என்று தெரிவியுங்கள், பழைய பதிவை அழித்துவிடுங்கள்.

அன்றிரவு, அவர் தூங்கியபின், தாளை எடுத்துக் கிடைத்த இடம், நேரம், எந்த வழியாகப் போனார் என்பதை எழுதுங்கள். அடுத்தமுறை அவர் அதே பக்கம் போகத்தான் வாய்ப்பு அதிகம். மறுநாள் அந்த வழியில் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரர், பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, டீ மாஸ்டர் எல்லோரிடமும் அவர் போட்டோவைக் காட்டி உங்கள் எண்ணைக் கொடுங்கள். ஜப்பானின் ஒமுத்தா நகரில் 2004 முதல் இதையே ஊர்கூடி ஒத்திகையாகச் செய்கிறார்கள்; ஒருவர் வழி தவறியவராக நடிக்க, மற்றவர்கள் அருகே போய்ப் பேச்சுக் கொடுத்துப் பழகுகிறார்கள். எங்கள் தெருவில் ஒத்திகை நடக்கவில்லை. பூக்கடைக்கார அம்மாவின் போனில் மட்டும் என் எண், ‘ரேஷன் தாத்தா பையன்’ என்று பதிந்திருக்கிறது.